விண்மீனின் வயதை எழுதி வைத்தவர்

விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறினால், அது வெடித்து எத்தனை நாள்கள் கடந்திருக்கின்றன என்பதை அதன் ஒளியைக் கொண்டே இன்றைய வானியலாளர்கள் கணித்துவிடுகிறார்கள். அந்த ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் எந்தத் தனிமத்தின் கோடு தென்படுகிறது, எது மறைந்துவிட்டது, எது எவ்வளவு இடம்பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறும். அந்த மாற்றத்தின் ஒழுங்கை அறிந்தவருக்கு ஒரே ஓர் இரவின் நிறமாலை போதும். சில நாள் பிழைக்குள் வெடிப்பின் வயதைச் சொல்லிவிடலாம். பேரண்டத்தின் விரிவை அளக்கும் ஆய்வுகள் இந்தக் கணிப்பைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.

இந்தத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர், நிறமாலை என்பதையே அறியாதவர். தொலைநோக்கி புழக்கத்துக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தவர். டென்மார்க்கின் பிரபுக் குலத்தில் பிறந்த டைக்கோ பிராகே, 1572-இல் வானில் திடீரெனத் தோன்றிய ஒரு விண்மீனை, அது மறையும்வரை ஏறத்தாழ 16 மாதங்கள் வெறுங்கண்ணால் பின்தொடர்ந்தார். அதன் ஒளியையும் நிறத்தையும் எழுதி வைத்தார். அந்த விண்மீன் என்னவென்று அவர் கருதியது தவறு. அதைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்புகளோ சரியானவை. ஒருவருடைய கருத்து காலத்தால் கழிந்துபோன பின்னும் அவருடைய அளவீடு எப்படி உயிரோடு இருக்கிறது என்பதற்கு இந்த மனிதரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று அரிது.

நூல்களுக்காக ஒளிந்து படித்த சிறுவன்: 1546 டிசம்பர் 14 அன்று, அப்போது டென்மார்க்கின் பகுதியாக இருந்து இப்போது சுவீடனுக்குள் இருக்கும் ஸ்கேனியாவில், க்னுட்ஸ்டோர்ப் மாளிகையில் டைக்கோ பிறந்தார். தந்தை ஒட்டே பிராகே, தாய் பியாட்டே பில்லே. இருவருமே அரசவையில் செல்வாக்குப் பெற்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். உடன்பிறந்த இரட்டைக் குழந்தை பிழைக்கவில்லை. பிள்ளையில்லாத பெரியப்பா யோர்கன், டைக்கோவை இரண்டு வயதளவில் பெற்றோரிடம் கேட்காமலேயே தூக்கிச் சென்று தம் பிள்ளையாக வளர்த்தார். குடும்பத்தில் மேலும் பிள்ளைகள் பிறக்க, பெற்றோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

1559-இல், பன்னிரண்டு வயதில், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அங்கிருந்து பார்க்கையில் அது முழுக் கிரகணமல்ல. கண்ணைப் பறிக்கும் காட்சியுமல்ல. ஆனால் அப்படியொன்று நிகழும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததே, அதுதான் சிறுவனைப் பிடித்துக்கொண்டது. பெரியப்பாவோ அவரைச் சட்டம் படித்து அரசுப் பணிக்குச் செல்பவராக ஆக்க விரும்பினார். 1562-இல் லைப்சிக் நகருக்கு அனுப்பியபோது, கண்காணிக்க ஆண்டர்ஸ் வேடல் என்னும் இளம் ஆசிரியரையும் உடன் அனுப்பினார். ஆசிரியர் உறங்கிய பின் இந்த மாணவர் விண்மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். கைச்செலவுக்கு வந்த பணம் வானியல் நூல்களாக மாறியது.

1563 ஆகஸ்டில் வியாழனும் சனியும் வானில் நெருங்கி வந்தன. பதினாறு வயதான டைக்கோ அந்த நாளைக் குறித்துக்கொண்டு அட்டவணைகளைப் புரட்டினார். மூன்று நூற்றாண்டுகளாகப் புழங்கிவந்த அல்போன்சோ அட்டவணை ஒரு மாத அளவுக்குப் பிழைத்திருந்தது. கோபர்னிகஸின் கொள்கையைக் கொண்டு புதிதாக ஆக்கப்பட்ட அட்டவணையும் சில நாள்கள் தவறியிருந்தது. ஐரோப்பாவின் அறிஞர்கள் பூமி சுற்றுகிறதா, சூரியன் சுற்றுகிறதா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பின் கையிலும் நம்பத்தக்க அளவீடு இல்லை என்பது அந்த மாணவருக்குப் புலப்பட்டது. அவ்வப்போது வானைப் பார்ப்பது பயன்படாது. நல்ல கருவிகளைக் கொண்டு இரவுதோறும், ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். மீதி வாழ்நாள் முழுவதும் இந்த முடிவைச் செயலாக்குவதில் கழிந்தது.

முன்கோபமும் அவருக்கு உடன்பிறந்தது. 1566 டிசம்பரில் ரோஸ்டாக் நகரில் உறவினர் ஒருவரோடு மூண்ட சச்சரவு வாள் சண்டையில் முடிந்தது; மூக்கின் ஒரு பகுதி வெட்டுண்டது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் உலோக மூக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டே நடமாடினார். அது தங்கமும் வெள்ளியும் கலந்தது என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2010-இல் அவருடைய கல்லறை திறக்கப்பட்டபோது எலும்பில் படிந்திருந்த தடயங்கள் அது பித்தளை என்று காட்டின. அளவீடு கதையைத் திருத்திய இன்னொரு நிகழ்வு இது.

1572 நவம்பர் 11: தந்தையின் மறைவுக்குப் பின் டைக்கோ, தாய்மாமன் ஸ்டீன் பில்லேயோடு ஹெர்ரெவாட் மடத்தில் தங்கி இரசவாத ஆய்வில் ஈடுபட்டிருந்தார். அன்று மாலை ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பும்போது வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில், தலைக்கு நேர் மேலே, இதுவரை இல்லாத ஒரு விண்மீன் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி ஒளிர்ந்தது. சிறு வயதிலிருந்தே வானத்தை மனப்பாடமாக அறிந்தவர் அவர். ஆயினும் தம் கண்ணை அவர் உடனே நம்பிவிடவில்லை. உடன் வந்த பணியாளர்களைக் கேட்டார். வண்டியில் சென்ற உழவர்களை நிறுத்திக் கேட்டார். எல்லோரும் அது தெரிகிறது என்றார்கள். பிறகுதான் கருவியை எடுத்தார்.

அந்த நாளில் இது எளிய செய்தியன்று. நிலவுக்குக் கீழே உள்ள உலகில்தான் பிறப்பும் இறப்பும் மாற்றமும் உண்டு, அதற்கு மேலே உள்ள வானம் என்றும் மாறாதது என்பது அரிஸ்டாட்டில் காலம் முதல் ஐரோப்பிய அறிவுலகின் அடித்தளமாக இருந்தது. எனவே, புதிதாக எது தோன்றினாலும் அது காற்று மண்டலத்தில் நிகழும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். அதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. விரலை முகத்துக்கு எதிரே நீட்டி, ஒரு கண்ணாலும் பின் மறு கண்ணாலும் பார்த்தால் விரல் இடம் மாறியதுபோலத் தோன்றும். அருகில் உள்ள வான்பொருளும் அப்படியே, இரவின் தொடக்கத்திலும் முடிவிலும் பின்னணி விண்மீன்களுக்கு எதிரே சற்று இடம் மாறித் தோன்ற வேண்டும். நிலவுக்கு இந்த மாற்றம் ஏறத்தாழ ஒரு பாகைவரை வரும்; அதாவது நிலவின் அகலத்தைப்போல் இரு மடங்கு.

வால்நட் மரத்தால் தாமே செய்வித்திருந்த கோணமானியைக் கொண்டு, காசியோப்பியாவின் மற்ற விண்மீன்களிலிருந்து புதிய விண்மீன் எவ்வளவு விலகியிருக்கிறது என்று டைக்கோ அளந்தார். அந்த விண்மீன் கூட்டம் அங்கே மறைவதே இல்லை. ஆதலால் அது உச்சியில் இருக்கும்போதும் தாழ்ந்து வரும்போதும் அளக்க முடிந்தது. அளவு மாறவேயில்லை. வாரங்கள் கடந்தும் மாறவில்லை. ஆகவே அது நிலவுக்கு அப்பால், விண்மீன்களின் உலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் தாமஸ் டிகஸ், ஜெர்மனியில் மிக்கேல் மேஸ்ட்லின் முதலியோரும் தத்தம் வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள். மாறாத வானம் என்ற கோட்பாடு அந்தக் குளிர்காலத்தில் ஆட்டம்கண்டது.

ஒப்பிட்டுச் சொன்னதன் பயன்: விண்மீன் எங்கே இருக்கிறது என்பதோடு டைக்கோ நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் அது வெள்ளிக் கோளுக்கு நிகராக இருந்தது. கூரிய பார்வை உடையவர்கள் பட்டப்பகலிலும் அதைக் கண்டார்கள். டிசம்பரில் வியாழனுக்கு நிகராயிற்று. 1573 ஜனவரியில் வியாழனைவிடச் சற்று மங்கியது. பிப்ரவரி, மார்ச்சில் முதல் தர விண்மீன்களின் அளவுக்கும், ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் தரத்துக்கும், கோடைகாலத்தில் மூன்றாம் தரத்துக்கும் இறங்கியது. ஆண்டின் இறுதியில் ஐந்தாம் தரத்தை நெருங்கி, 1574 மார்ச்சில் கண்ணுக்குப் புலப்படாமல் போயிற்று. நிறமும் மாறியது. முதலில் வெள்ளியையும் வியாழனையும்போல வெண்மை, பிறகு மஞ்சள், அதற்கும் பிறகு செவ்வாயைப்போல, ரோகிணியையும் திருவாதிரையையும்போலச் செம்மை, மே மாதம் முதல் சனியைப்போல வெளிறிய ஈய நிறம்.

இந்தக் குறிப்பில் கவனிக்கத்தக்கது, அதன் எளிமை. மிகுந்த ஒளி, வியத்தகு ஒளி என்று எழுதினால் பின்வருபவருக்கு அது பயன்படாது. இன்ன நாளில் இன்ன பொருளுக்கு நிகராக இருந்தது என்று எழுதினால், அந்தப் பொருள் இன்றும் வானில் இருக்கிறது, எவரும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1572-இல் ஒளியை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் வானத்தையே அளவுகோலாகப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இருந்தது. டைக்கோ அந்த வழியைத் தேர்ந்தார்.

நூல் எழுதுவது பிரபுக்களுக்கு அழகல்ல என்று கருதப்பட்ட காலம் அது. தயங்கித் தயங்கி, நண்பர்களின் வற்புறுத்தலால், 1573-இல் கோபன்ஹேகனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். புதிய விண்மீன் என்னும் பொருள்படும் அதன் லத்தீன் தலைப்பிலிருந்துதான் நோவா என்ற சொல் வானியலில் நிலைத்தது. அந்த நூலில் அளவீடு மட்டுமல்லாமல் சோதிடமும் இருந்தது. விண்மீனின் தோற்றம் உலகுக்கு எவ்வெவற்றை முன்னறிவிக்கிறது என்ற ஆராய்ச்சி இருந்தது. பால்வெளியின் பொருள் திரண்டு விண்மீனாயிற்று என்பது அவர் பின்னாளில் கொண்ட விளக்கம். பிறப்பு என்று அவர் நினைத்தது உண்மையில் ஒரு விண்மீனின் அழிவு. இவை எதுவும் நிற்கவில்லை, எண்கள் நின்றன.

தீவும் அதன் விலையும்: இந்தப் புகழ் டைக்கோவை ஐரோப்பாவெங்கும் அறிமுகப்படுத்தியது. அவர் வெளிநாட்டில் குடியேறிவிடுவாரோ என்று அஞ்சிய மன்னர் இரண்டாம் பிரெடரிக், 1576-இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே கடற்கால்வாயில் உள்ள வென் தீவை அவருக்கு வழங்கினார். கூடவே பெரும் வருமானத்தையும் ஒதுக்கினார். அங்கே எழுந்த உரானிபோர்க், மாளிகையும் ஆய்வுக்கூடமுமாக இருந்தது. பின்னர் காற்றின் அசைவு கருவிகளைத் தாக்காதிருக்க நிலத்தடியில் இன்னொரு ஆய்வகமும் அமைந்தது. அச்சகம், காகித ஆலை, கருவிப் பட்டறை, உதவியாளர் படை என்று இன்றைய ஆய்வு நிறுவனத்துக்குரிய அனைத்தும் அந்தச் சிறு தீவில் இருந்தன. அவருடைய தங்கை சோபியும் வந்து வான்நோக்கலில் உதவினார்.

ஒரே அளவை வெவ்வேறு கருவிகளால் எடுப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பிழையைத் தனியே கண்டறிவது, கோள்களை அவற்றின் பாதை முழுவதும் விடாமல் தொடர்வது என்று அவர் வகுத்த ஒழுங்கு அதுவரை ஐரோப்பா காணாதது. ஒரு பாகையை 60 கலைகளாகப் பகுப்பது நம் மரபிலும் உண்டு. டைக்கோவின் சிறந்த அளவீடுகளில் பிழை ஓரிரு கலைகளைத் தாண்டவில்லை. வில்லை ஒன்றுகூட இல்லாத கருவிகளைக் கொண்டு, மனிதக் கண்ணால் எட்டக்கூடிய எல்லையை ஏறத்தாழ அவர் தொட்டுவிட்டார்.

இதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. வென் தீவின் உழவர்கள் அதுவரை பெருமளவு தம் போக்கில் வாழ்ந்தவர்கள். டைக்கோ வந்த பின் கட்டுமானப் பணிக்கும் வயல் வேலைக்கும் கூலியில்லா உழைப்பைத் தர வேண்டியதாயிற்று. அவர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். சிலர் தீவைவிட்டே ஓடினார்கள். அறிவுலகில் அளவுக்கு மீறிய நேர்மை காட்டியவர், தம் குடிகளிடம் கடுமையான நிலக்கிழாராகவே நடந்துகொண்டார். இவற்றில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அவருடைய வாழ்க்கை வரலாறாகாது. அவருடைய இல்லறமும் அக்காலச் சமூகத்தின் சுவர்களில் மோதியது. மனைவி கிர்ஸ்டன் பிரபுக் குலத்தைச் சேர்ந்தவரல்லர். ஆகவே சட்டப்படி அவர்களின் பிள்ளைகளுக்குத் தந்தையின் குலப்பெயரும் உரிமையும் இல்லை.

1588-இல் மன்னர் இறந்தார். அவருடைய மகன் நான்காம் கிறிஸ்டியன் ஆட்சிப் பொறுப்பேற்ற பின், டைக்கோவுக்கு வழங்கிய மானியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. புதிய மன்னருக்கு வேறு செலவுகள் இருந்தன. இருபது ஆண்டுகளாக வானத்தை அளந்ததால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு, உடனே காட்டக்கூடிய விடை டைக்கோவிடம் இல்லை. அரண்மனைப் பகைவர்களும் இருந்தார்கள். 1597-இல் கருவிகளையும் குறிப்பேடுகளையும் கட்டிக்கொண்டு தாய்நாட்டைவிட்டு வெளியேறினார். உரானிபோர்க் பின்னர் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின.

1599-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ப் அவரைப் பிராகு நகரில் வரவேற்றார். அடுத்த ஆண்டு அவரிடம் உதவியாளராக வந்து சேர்ந்தவர் ஜோகன்னஸ் கெப்ளர். ஒருவரிடம் எண்கள் இருந்தன. மற்றவரிடம் கணிதம் இருந்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஆனால் இருவருக்கும் மற்றவர் தேவைப்பட்டார். 1601 அக்டோபரில் ஒரு விருந்துக்குப் பின் நோயுற்ற டைக்கோ, பதினொரு நாள்கள் துன்புற்று 24-ஆம் தேதி இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற வதந்தி நானூறு ஆண்டுகள் உலவியது. கல்லறையிலிருந்து எடுத்த மாதிரிகளில் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பாதரசம் இல்லை என்பது 2012-இல் வெளியானது.

டைக்கோ சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்றும், மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்றும் நம்பியவர். அவருடைய செவ்வாய் அளவீடுகளைக் கொண்டே கெப்ளர் அந்தக் கொள்கையை வீழ்த்தினார். வட்டப் பாதை என்று கொண்டால் எட்டுக் கலை அளவுக்கு வேறுபாடு வந்தது. டைக்கோ எட்டுக் கலை பிழைசெய்யக் கூடியவரல்லர் என்ற நம்பிக்கை கெப்ளருக்கு இருந்தது. ஆகவே வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்தைக் கண்டார். 1609-இல் அது நூலாக வந்தது. டைக்கோ 1572-இன் விண்மீனைப் பற்றி விரிவாக எழுதிய பெருநூலும் அவர் இறந்த பின், 1602-இல் கெப்ளரின் முயற்சியால் வெளிவந்தது. ஒளி, நிற மாற்றங்களின் குறிப்புகள் அதன்வழியாகவே நம்மை வந்தடைந்தன.

ஒளியில் எழுதிய வயது: அந்த விண்மீனுக்கு என்ன நேர்ந்தது என்பதை இருபதாம் நூற்றாண்டு சொன்னது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் வெண்குள்ளன் எனப்படும். அது தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தப் பயணத்திலேயே அதற்கான கணக்கைத் தொடங்கினார். பக்கத்து விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று அந்த எல்லையை நெருங்கும்போதோ, இரு வெண்குள்ளன்கள் இணையும்போதோ அணுக்கரு எரிப்பு கட்டுமீறிப் பரவி, விண்மீன் முழுவதும் வெடித்துச் சிதறக்கூடும். 1ஏ வகை சூப்பர்நோவா என்பது இதுதான்.

வெடிப்பில் பெருமளவு கதிரியக்க நிக்கல் உருவாகிறது. அதில் பாதி ஆறே நாள்களில் கோபால்ட்டாகிறது. அந்தக் கோபால்ட்டில் பாதி இரும்பாக மாற 77 நாள்கள் ஆகின்றன. இந்தச் சிதைவின் ஆற்றல்தான் ஒளியாக வெளிவருகிறது. சிதறும் பொருள் விரிய விரிய மெலிகிறது; மேலடுக்குகள் ஊடுருவத்தக்கவையாக ஆக, நாம் உள்ளே உள்ளே பார்க்கிறோம். உச்ச ஒளி நாள்களில் நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவு வேகத்தில் விரையும் சிலிக்கானின் கோடு அழுத்தமாகத் தெரியும். சில வாரங்களில் அது தேய்ந்து இரும்பின் கோடுகள் மேலோங்கும். மாதங்கள் கழித்து கோபால்ட்டின் ஒளிக்கோடுகள் மங்கி, இரும்பு மட்டும் எஞ்சும். இந்த வரிசை ஒரே வகை வெடிப்புகளில் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடப்பதால், நன்கு தொடரப்பட்ட பழைய வெடிப்புகளின் நிறமாலைகளோடு ஒப்பிட்டு, புதிய ஒன்றின் வயதைச் சொல்ல முடிகிறது. டைக்கோ செய்ததும் ஒப்பீடுதான். நிறம் என்பது மிகக் கரடுமுரடான நிறமாலை. வெண்மை, மஞ்சள், செம்மை, ஈயம் என்று அவர் எழுதியபோது, வெடித்த பொருள் குளிர்ந்து மாறும் கதையைத் தம்மை அறியாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

1945-இல் வால்டர் பாடே என்னும் வானியலாளர் அந்தக் குறிப்புகளைக் கையிலெடுத்தார். வெள்ளியும் வியாழனும் அந்த நாள்களில் எவ்வளவு ஒளியோடு இருந்தன என்பதைக் கணக்கிட முடியும். ஆகவே டைக்கோவின் ஒப்பீடுகளை இன்றைய எண்களாக மாற்றலாம். வரைந்து பார்த்தபோது, தம் காலத்தில் தொலைநோக்கியால் கண்ட முதல் வகை சூப்பர்நோவாக்களின் ஒளிக்கோட்டோடு அது ஒத்துப்போயிற்று. ஸ்பெயினில் ஜெரோனிமோ முன்யோஸ் என்பவர், 1572 நவம்பர் 2 அன்று அந்த இடத்தில் புதிய விண்மீன் இல்லை என்று குறித்திருந்தது வெடிப்பின் தொடக்க நாளை நெருங்க உதவியது. இல்லை என்பதும் ஒரு பதிவுதான்.

பிறகு நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. வெடிப்பின் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவியது. நேராக நம்மை நோக்கி வந்த பகுதியைத்தான் டைக்கோ கண்டார். வேறு திசையில் சென்ற ஒரு பகுதி, விண்மீன்களுக்கிடையே உள்ள தூசு மேகங்களில் பட்டுத் திரும்பிச் சுற்றுவழியில் வந்தது. அந்த ஒளி எதிரொலியை 2008 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓலிவர் கிராசும் குழுவினரும் ஹவாய்த் தீவின் 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கியால் பிடித்து நிறமாலையாகப் பிரித்தார்கள். வழக்கமான 1ஏ வகை வெடிப்பு ஒன்று, உச்ச ஒளியை ஒட்டிய நாள்களில் காட்டும் நிறமாலை அது. 436 ஆண்டுகள் தாமதமாக வந்த அதே ஒளி, டைக்கோவின் குறிப்பேட்டிலிருந்து பாடே வந்தடைந்த முடிவை உறுதிசெய்தது.

இன்றைக்கு இதன் தேவை: 1ஏ வகை வெடிப்புகளின் உண்மையான ஒளியளவைக் கணிக்க முடிவதால், தோற்ற ஒளியைக் கொண்டு தொலைவை அளக்கலாம். பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் இரு குழுக்கள் இவ்வழியில் கண்டறிந்தன. 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தொலைவு வெடிப்புகளின் வயது வேறொன்றையும் சொன்னது. ஒளி புறப்பட்டபின் பேரண்டம் ஒன்றரை மடங்கு விரிந்திருந்தால், நம் கடிகாரத்தில் 15 நாள்கள் கழியும்போது அந்த விண்மீனுக்கு 10 நாள்களே முதிர்ந்ததாக நிறமாலை காட்ட வேண்டும். 1997 முதல் செய்யப்பட்ட அளவீடுகள் இந்த எதிர்பார்ப்போடு பொருந்துகின்றன. விண்வெளி உண்மையிலேயே விரிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று குறைவு.

சிலி நாட்டில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், பத்தாண்டுகளில் இலட்சக்கணக்கான சூப்பர்நோவாக்களைக் காணும் என எதிர்பார்க்கப்படுகிறது. அத்தனைக்கும் நிறமாலை எடுக்கப் போதிய தொலைநோக்கிகள் உலகில் இல்லை. பெரும்பாலானவற்றின் வகையையும் வயதையும், ஆறு நிற வடிகட்டிகளின் வழியே பதியும் ஒளியும் நிறமும் நாளுக்கு நாள் மாறுவதைக் கொண்டே கணிக்க வேண்டியிருக்கும். வெறுங்கண்ணோடு அந்தப் பிரபு செய்த வேலையின் பெருவடிவம் இது.

அறிவியலுக்குச் செலவிடும் அரசுகள் இன்றும் நான்காம் கிறிஸ்டியனின் கேள்வியையே கேட்கின்றன. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயமே. வென் தீவின் உழவர்களை மறந்து அதைக் குறைகூற முடியாது. ஆனால் சில பதிவுகளின் பயன், அவற்றை எழுதுபவரின் ஆயுளுக்குள்ளோ அவற்றுக்குச் செலவிடும் ஆட்சியின் காலத்துக்குள்ளோ தெரிவதில்லை. மழையளவோ, கடல்மட்டமோ, விண்மீனின் ஒளியோ, ஓர் ஆண்டு எழுதாமல் விட்டதைப் பின்னர் எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது. அந்த விண்மீன் ஒருமுறைதான் வெடித்தது. அப்போது யாரோ ஒருவர் தம் கருத்தை ஒரு பக்கமும் தாம் கண்டதை ஒரு பக்கமுமாகப் பிரித்து எழுதியிருந்தார். தம் கருத்துகளில் பலவற்றைக் காலம் கைவிட்ட பின்னும் டைக்கோ பிராகேயை அறிவுலகம் கைவிடாததற்கு அதுவே காரணம்.